காந்தம் போட்டும் ஷாஃப்ட் ஊளையிடுது: சென்சர் பிழையோ, வச்ச இடம் பிழையோ?

குளக்கட்டு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டு புரொஜெக்டுக்காகச் சின்னதா ஒரு றோட்டர் ரிக் கட்டியிருக்கிறம். வளையக்கூடிய ஷாஃப்ட் ஒண்டு கிரிட்டிக்கல் வேகத்தை (சுற்று வேகம் ஷாஃப்டின்ர சொந்த அதிர்வோட ஒத்துப்போய்த் துள்ளுற வேகம்) கடக்கேக்க வாற அதிர்வை எலெக்ட்ரோமக்னெட்டால அமத்திக் காட்டவேணும், அதுதான் தலைப்பு. குழுவில மெக்கானிக்கல் பக்கமும் கொன்ட்ரோல் கோடும் என்ர பொறுப்பு. வேலை நடக்கிறது கிளிநொச்சியில. கடைசல் எல்லாம் ஏ9 கரையில இருக்கிற ஒரு லேத் பட்டறையில செய்விச்சது.

ஷாஃப்ட் 10 மில்லிமீற்றர் பிரைட் ஸ்டீல். ரெண்டு பெயாரிங்குக்கும் இடையில 600 மில்லிமீற்றர். ரெண்டும் சாய்ஞ்சு குடுக்கிற வகை, அதால முனைகள் இறுகப் பிடிபடேல்ல. நட்டநடுவில 120 மில்லிமீற்றர் விட்டத்தில ஏறத்தாழ 1 கிலோ தட்டு. கணக்குப்படி நடுவில விறைப்பு மில்லிமீற்றருக்கு 22 நியூட்டன் அளவு வருது. ஷாஃப்டின்ர சொந்தத் திணிவில பாதியையும் சேர்த்துப் பாத்தால் கிரிட்டிக்கல் நிமிசத்துக்கு 1300 சுற்று. ஓட்டிப் பாக்கேக்க 1270க்குக் கிட்டத் துள்ளுது. ஆக, அந்தப் பக்கம் பிழையில்லை எண்டு நினைக்கிறன்.

மோட்டர் பக்கப் பெயாரிங்கில இருந்து 150 மில்லிமீற்றர் தள்ளி, ஷாஃப்டில ஒரு சின்ன இரும்புச் சிலீவ் ஏத்தி, அதைச் சுத்தி மேல, கீழ, இடம், வலமெண்டு நாலு காந்தம். கரண்டைக் கட்டுப்படுத்துற ட்ரைவர்தான் போட்டிருக்கு, வெறும் வோல்டேஜ் இல்லை. மூளை ஒரு எஸ்டிஎம்32 போர்ட், செக்கனுக்கு 2000 தரம் கணக்குப் பண்ணுது. சென்சர் ஹோல் வகை, காந்தப் புலத்தை வச்சு இடத்தை அளக்கிறது. அதைக் காந்தத்துக்குக் கிட்ட வச்சால் காந்தத்தின்ர புலமே சென்சரைக் குழப்பிப் போடுது. அதால தட்டுக்கு அங்கால, மற்றப் பெயாரிங்கில இருந்து 150 மில்லிமீற்றரில வச்சிருக்கிறம். ரெண்டு பக்கமும் சமச்சீர், ஷாஃப்ட் ரெண்டு இடத்திலயும் ஒரே அளவுதான் வளையும் எண்டது எங்கட எண்ணம்.

இனிப் பிரச்சினை. டி கெயினை (அசையிற வேகத்துக்கு எதிராத் தள்ளுற அளவு) கொஞ்சமாக் குடுத்தால் கிரிட்டிக்கலில அதிர்வு பாதிக்கு மேல குறையுது, நல்ல சந்தோசம். இன்னும் கொஞ்சம் கூட்டினால் "ஊ..." எண்டு ஒரு சத்தம் தொடங்கி, ஷாஃப்ட் அளவுக்கு மீறி விலகாமல் தடுக்கிற காப்பு வளையத்தில போய் முட்டுது. மோட்டரை நிப்பாட்டி வச்சாலும் அதே ஊளை! போனில ஸ்பெக்ட்ரம் அப் போட்டுப் பாத்தன்: 150க்கும் 160 ஹேர்ட்ஸுக்கும் இடையில ஒரு கூர். சென்சர் சிக்னலுக்கு 40 ஹேர்ட்ஸில லோ-பாஸ் பில்டர் (அதுக்கு மேலான மீடிறனைக் குறைக்கிறது) போட்டால் ஊளை நிக்குது, ஆனால் தணிப்பும் குறைஞ்சு போகுது.

இன்னுமொண்டு. காந்தத்துக்குப் பயஸ் கரண்ட் (மாறாத அடிப்படைக் கரண்ட்) மட்டும் குடுத்து, கொன்ட்ரோலை நிப்பாட்டி வச்சால் கிரிட்டிக்கல் 1270இல இருந்து 1230க்கு இறங்குது. பெயாரிங்குக்கு உதவியா நாலு காந்தம் பிடிக்கேக்க விறைப்புக் கூடத்தானே வேணும்?

மேற்பார்வையாளரிட்டப் போக முதல் என்ன நடக்குது எண்டு விளங்கிக்கொண்டு போக விருப்பம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மாங்குளம் பிற்றர்

பிள்ளை, கடைசிக் கேள்வியில இருந்து தொடங்குறன், அது சுகமானது.

காந்தம் பிடிக்கிறேல்ல, இழுக்கிறது. ஷாஃப்ட் மேல் காந்தத்துப் பக்கம் ஒரு மயிரளவு போனால் அந்தப் பக்க இடைவெளி குறையும், அந்தக் காந்தம் இன்னும் கூட இழுக்கும். இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிரா விசை போறதெண்டு நீர் படிச்சிருப்பீர். ஸ்பிரிங் திருப்பித் தள்ளும், இது தான் போற திசைக்கே கொண்டு போகும். அதைத்தான் மறை விறைப்பு எண்டு சொல்லுறது. ஷாஃப்டின்ர சொந்த விறைப்பில இருந்து அவ்வளவும் கழியும், கிரிட்டிக்கல் கீழ இறங்கும். உம்மட 40 சுற்று அதுதான். நிலையான காந்தங்களை மட்டும் வச்சு ஒரு பொருளை எல்லாத் திசையிலயும் அசையாமல் மிதக்க விட ஏலாதெண்டு ஏர்ன்ஷோ 1842இல காட்டினவர். அதால காந்தப் பெயாரிங் எண்டால் சென்சரும் கொன்ட்ரோலரும் கூடவே வந்தாகவேணும். பி கெயின், அதாவது விலகின தூரத்துக்கேற்பத் திருப்பி இழுக்கிற அளவு, அந்தக் கழிவை நிரப்பும், டி கெயின் தணிப்பைத் தரும். பியை இந்த 40 சுற்றை மீட்கிற அளவுக்கு மட்டும் கூட்டும். அதுக்கு மேல கூட்டினால் ஷாஃப்ட் அந்த இடத்தில இறுகி, அங்க அசைவே இல்லாமல் போகும். அசையாத இடத்தில டி என்னத்தைத் தணிக்கிறது?

இனி ஊளைக்கு வருவம்.

நான் கன காலம் வளைகுடாவில ஒரு காஸ் பிளாண்டில சுழல் இயந்திரப் பகுதியில நிண்டனான். அங்க ஒரு கொம்பிரசர் முழுக்கக் காந்தப் பெயாரிங்கில. முதல்ல மோட்டரைத் தொடமாட்டினம். பனலில "லெவிற்றேற்" எண்ட பட்டனை அமத்துவினம். உள்ளுக்க ஷாஃப்ட் காப்புப் பெயாரிங்கில கிடந்தது ஒரு "டொக்" சத்தத்தோட எழும்பும். கண்ணுக்கு ஒண்டும் தெரியாது, திரையில நாலு புள்ளி மட்டும் வட்டத்துக்கு நடுவில வந்து நிக்கும். எழும்புறது ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. காப்புப் பெயாரிங்கின்ர இடைவெளி காந்த இடைவெளியின் பாதிதான், ஏனெண்டால் ஷாஃப்ட் விழுந்தாலும் காந்தத் தகட்டில உரசப்படாது. அந்த மெசினின்ர படத்தை விரிச்சு வச்சு ஒரு கிழட்டு இஞ்சினியர் எனக்குக் காட்டின முதல் விசயம், சென்சர் வளையம் காந்தத்துக்கு எந்தப் பக்கத்தில, எவ்வளவு தூரத்தில இருக்கு எண்டதுதான். ஷாஃப்டின்ர ஒவ்வொரு வளைவு வடிவத்திலயும் அசையாத புள்ளி எங்க விழுகுதெண்டு பென்சிலால கீறி வச்சிருந்தவர்.

உம்மட ஷாஃப்டுக்கும் அதைக் கீறிப் பாரும். முதல் வடிவம் ஒரு வில்லு. 150இலயும் 450இலயும் ஷாஃப்ட் ஒரே பக்கம் போகும். நீங்கள் சமச்சீர் எண்டு நினைச்சது இதுக்குச் சரி. ரெண்டாவது வடிவத்தில நடுத்தட்டு இடத்தைவிட்டு நகராது, சாயும் மட்டும். ஷாஃப்ட் அதில துலா மாதிரி: தட்டு இருக்கிற இடம் ஆடுகால், ஒரு பக்கம் எழும்பேக்க மற்றப் பக்கம் பதியும். உம்மட சென்சர் ஒரு பக்கத்தில, காந்தம் மற்றப் பக்கத்தில. சென்சர் "மேல போறன்" எண்டு சொல்லும், கொன்ட்ரோலர் காந்தத்தைக் கீழ இழு எண்டு சொல்லும், ஆனால் காந்தம் இருக்கிற இடம் அந்த நேரம் ஏற்கனவே கீழதான் போய்க்கொண்டிருக்கு. போற திசைக்கே தள்ளினால் தணியுமோ? ஒவ்வொரு ஆட்டத்திலயும் கொஞ்சங் கொஞ்சமாச் சக்தியை ஊத்துறீர். மோட்டர் நிண்டாலும் ஊளையிடுறது அதாலதான், சுழற்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

160 அளவு சரிதானோ எண்டு நான் ஒரு கடுதாசியில போட்டுப் பாத்தன். தட்டு சாயிறதுக்கு விறைப்பு 12இஐ வகுத்தல் நீளம் (இ இரும்பின்ர மீள்தன்மை, ஐ ஷாஃப்டின்ர குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கிற அளவு), தட்டின்ர விட்டத்தச்சுச் சடத்துவம் திணிவு தர ஆரை வர்க்கம் வகுத்தல் 4. அது தனிய 235 ஹேர்ட்ஸ். ஷாஃப்டின்ர சொந்த ரெண்டாம் வடிவம் தனிய 220. டங்கர்லி முறையில ரெண்டையும் சேர்த்தால் 160. சிலீவின்ர பாரம் அதை இன்னும் கொஞ்சம் இறக்கும். ஆள் அகப்பட்டிட்டார்.

சென்சரைத் தட்டுக்கு இந்தப் பக்கம், காந்தம் இருக்கிற பாதிக்குக் கொண்டு வாரும். ஒட்டி வைக்கவேணுமெண்டில்லை, ஒரு 30, 40 மில்லிமீற்றர் விலகினாலும் காரியமில்லை. காந்தப் புலம் குழப்புதெண்டால் ஹோலை விட்டிட்டு வெளிச்சத்தால அளவும். ஒரு பக்கம் எல்ஈடி, மற்றப் பக்கம் போட்டோடயோட், ஷாஃப்டின்ர விளிம்பு நடுவில நிண்டு பாதி வெளிச்சத்தை மறைக்கவேணும். தெறிப்பு முறையில எடுக்காதையும், ஷாஃப்டில இருக்கிற ஒவ்வொரு கீறலையும் அது அதிர்வெண்டு சொல்லும். மேல ஒரு கறுத்தப் பெட்டி போட்டு மூடும். டியூப் லைட் 100 ஹேர்ட்ஸில மினுங்கும், அது நேர சிக்னலுக்க வந்து குந்தும்.

வற்றாப்பளையான்

ரொறன்ரோவில் கொன்ட்ரோல் வேலை செய்கிறேன், சொந்த ஊர் பெயரிலேயே இருக்கிறது. பிற்றர் அண்ணை சொன்னது சரி. பில்டர் போட்டால் ஏன் ஊளை நிற்கிறது என்பதற்கு மட்டும் பதில் தருகிறேன், ஏனென்றால் அது உங்களைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

செக்கனுக்கு 2000 தரம் என்றால் ஒரு படிக்கு அரை மில்லிசெக்கன். கணக்குப் போடுகிற நேரம், ட்ரைவரின் தாமதம் எல்லாம் சேர்த்து மொத்தம் 0.7 மில்லிசெக்கன் என்று வைப்போம். உங்கள் கிரிட்டிக்கலான 21 ஹேர்ட்ஸில் அது அவத்தையில் (அலை பிந்துகிற அளவு) வெறும் 5 பாகை, கவலையில்லை. 160இல் அதே தாமதம் 40 பாகை. இடம் மாறி நிற்பதால் வருகிற 180ஐயும் கூட்டினால் 220. தணிப்பு விசையின் அவத்தை 90ஐத் தாண்டி 270க்குள் இருக்கும்வரை அது தணிப்பல்ல, ஊட்டல். இப்போது 40 ஹேர்ட்ஸ் பில்டர் 160இல் இன்னும் 76 பாகை பின்தள்ளுகிறது. 220உம் 76உம் 296. 270ஐத் தாண்டியாயிற்று, ஊட்டல் மறுபடி தணிப்பாகிவிட்டது. வீச்சையும் பில்டர் கால்வாசிக்குக் குறைத்துவிட்டது. ஆகவே ஊளை நின்றது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பில்டரைக் கழற்றாமல் சென்சரை மட்டும் சரியான பக்கத்துக்கு மாற்றினால் 40உம் 76உம் சேர்ந்து 116. திரும்பவும் 90க்கு மேல், திரும்பவும் ஊளை! "இடத்தை மாற்றியும் சரிவரவில்லை" என்று முடிவெடுத்துவிடுவீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

சென்சரை அசைக்கவே முடியாத நிலை என்றால் வேறு வழியும் உண்டு. ஷாஃப்டின் மொடலை எழுதி, அளந்ததிலிருந்து ஒவ்வொரு வடிவத்தின் நிலையையும் ஊகிக்கும் ஒப்சேவர் ஒன்றைப் போட்டு, எல்கியூஜி (மொடலை வைத்துக் கணிக்கும் ஒரு கொன்ட்ரோல் முறை) மாதிரி வடிவமைக்கலாம். எந்த வடிவத்தில் எந்தக் குறி என்று அதற்குத் தெரியும்.

மாங்குளம் பிற்றர்

வற்றாப்பளைத் தம்பி, அவத்தைக் கணக்கு அருமை. அந்த 116 எனக்குத் தட்டுப்படேல்ல. ஆனால் ஒப்சேவர் இப்ப வேண்டாம். இந்த ரிக்கில தட்டு நிண்டால் 160இல ஒரு கூர். 1500 சுற்றில ஓடேக்க சுழிப்பால (சுத்துற பம்பரம் சாயிறதை எதிர்க்கிற குணம்) அது ரெண்டாப் பிரியும், முன்னோக்கிச் சுழல்றது 170க்கு மேல போகும், பின்னோக்கிச் சுழல்றது 150க்கு இறங்கும். மொடலுக்க வேகத்தையும் போடவேணும். பிள்ளை அதையெல்லாம் எழுதி முடிக்கேக்க வைவா முடிஞ்சிடும். ஒரு சின்னப் போட்டோடயோட் செய்யிற வேலைக்கு மற்றிக்ஸ் எதுக்கு?

பரந்தன் மில்காரன்

இடையில வாறதுக்கு மன்னிக்கவும். தலைப்பில ஷாஃப்ட், அதிர்வு எண்டு கண்டவுடன வந்திட்டன். எங்கட மில்லில உமி ஊதுற புளோவர் ஒண்டு, மோட்டர் வேகத்தை மாத்துற இன்வேட்டரில ஓடுது. பெல்ட்டில ரெண்டு மடங்கு வேகம். முந்தி 28 ஹேர்ட்ஸில உதறும், தாண்டினால் அமைதி. ஸ்டாண்டுக்கு ஆங்கிள் அடிச்சு வெல்ட் பண்ணி இறுக்கினம். இப்ப 28இல ஒண்டுமில்லை, 33இல உதறுது. நான் வழமையா ஓட்டுறதே 33இலதான், அதுக்கு மேல போனால் உமியோட குறுநெல்லும் பறக்குது. காலபோக நெல்லு வந்து குவிய முதல் இதைச் சரிக்கட்டவேணும். பிள்ளை சொல்லுற காந்தம் பெரிசாச் செய்து பூட்டலாமோ அண்ணை? செலவு பரவாயில்லை.

மாங்குளம் பிற்றர்

தம்பி, காசை வச்சிரும். கணக்கைப் பாரும். 33இல உம்மட புளோவர் ஏறத்தாழ 1900 சுற்று. அலகில ஒரு பக்கமா 50 கிராம் தவிட்டுத் தூசி எண்ணெயோட சேர்ந்து ஒட்டிப் பிடிச்சிருக்கெண்டு வையும், நடுவில இருந்து 30 சென்ரிமீற்றரில. அது வெளியால இழுக்கிற விசை 600 நியூட்டனுக்குக் கிட்ட, 60 கிலோவின்ர பாரம். அந்தப் பாரம் செக்கனுக்கு 32 தரம் சுத்தி வருது. அதை எதிர்க்கிற காந்தமும் பவர் சப்ளையும் உம்மட மோட்டரை விட விலை கூட. சுரண்டுற தகடு ஒண்டு எடுத்து அந்த 50 கிராமை வழிச்சு எறியும். உமி மணல் மாதிரித் தேய்க்கும், அலகு ஒண்டு மெலிஞ்சிருந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு அலகின்ர முனையையும் தடிப்புப் பாரும்.

இறுக்கினால் உதறல் போகாது, இடம் மாறும். விறைப்புக் கூடக் கிரிட்டிக்கல் மேல ஏறும், அவ்வளவுதான். 28இல இருந்ததை நீர் கஷ்டப்பட்டுக் கூட்டிக்கொண்டு வந்து, ஓட்டுற வேகத்தில இருத்தி விட்டிருக்கிறீர். இன்னும் இறுக்கி 40க்கு மேல ஏத்தலாம். இல்லாட்டி அடிச்ச ஆங்கிளில ஒண்டை வெட்டிப் பழைய 28க்கே விடலாம். நான் எண்டால் ரெண்டாவது. 33இல ஓடேக்க 28 பின்னால கிடக்கும்.

தாண்டினால் ஏன் அமைதி எண்டு கேக்காமலே சொல்லுறன், இது எனக்குப் பிடிச்ச கதை. றாங்கின் எண்ட பெரிய மனிசர் 1869இல கணக்குப் போட்டு, கிரிட்டிக்கலுக்கு மேல ஷாஃப்ட் ஓட ஏலாதெண்டு சொல்லிப் போட்டார். அவரின்ர சொல்லை மீறி சுவீடனில டி லாவல் 1889இல நீராவிச் சுழலியை மெல்லிய, வளையிற ஷாஃப்டில போட்டு கிரிட்டிக்கலுக்கு மேலாலயே ஓட்டிக் காட்டினார். கீழ ஓடேக்க பாரமான பக்கம் வெளியால நிக்கும். மேல போனவுடன பாரமான பக்கம் உள்ளுக்க வந்து, றோட்டர் தன்ர திணிவு மையத்தைச் சுத்தத் தொடங்கும். ஃபொப்பல் 1895இல அதுக்குச் சரியான கணக்குக் குடுத்தவர். ஆனால் எல்லாரும் இங்கிலீசில 1919இல எழுதின ஜெஃப்கொட்டின்ர பேரைத்தான் சொல்லுவினம். பிள்ளை கட்டியிருக்கிறதும் ஜெஃப்கொட் றோட்டர்தான், வளையிற ஷாஃப்டின்ர நடுவில ஒரு தட்டு.

இன்வேட்டரில "ஜம்ப் பிரீக்குவென்சி" எண்டு ஒரு இடம் இருக்கும், சிலதில "ஸ்கிப்" எண்டு போட்டிருக்கும். ஆங்கிளை வெட்டினால் 26இல இருந்து 30 வரைக்கும் அதில போட்டுவிடும். ஆர் வந்து குமிழைத் திருப்பினாலும் அந்த இடத்தில நிண்டு ஓடாது, கடந்து போகும்.

அதோட, ஆக்டிவ் எண்டால் காந்தம் மட்டுமெண்டு நினைக்கவேண்டாம். மன்னாரில தம்பபவனி காற்றாலைப் பூங்காவில 30 காற்றாலை நிக்குது, மொத்தம் 103.5 மெகாவாட். அந்த அளவு காற்றாலைகளில முறுக்கு அதிர்வைத் தணிக்கிறதுக்குத் தனிய ஒரு சாமான் பூட்டுறேல்ல. ஜெனரேட்டரின்ர முறுக்குவிசையையே கொன்ட்ரோலர் கொஞ்சம் ஏத்தி இறக்கித் தணிக்கிறது வழக்கம். உம்மட இன்வேட்டரும் ஒரு விதத்தில அதே குடும்பந்தான், ஆனால் நீர் இப்ப சுரண்டுற தகட்டோட நில்லும்.

குளக்கட்டு

எல்லாருக்கும் நன்றி. சென்சரைக் காந்தத்தில இருந்து 35 மில்லிமீற்றர் தள்ளி, தட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்து, நிழல் முறையில போட்டாச்சு. 40 ஹேர்ட்ஸ் பில்டரையும் கழட்டிப் போட்டன். அந்த 160 ஊளை இல்லவே இல்லை! முந்தி ஊளையிட்ட கெயினைப் போல மூண்டு மடங்கு குடுக்கலாம். 1270ஐக் கடக்கேக்க காப்பு வளையத்தில முட்டுறேல்ல, தட்டு கிட்டத்தட்ட அசையாமல் போகுது. கறுத்தப் பெட்டி போட முதல் 100 ஹேர்ட்ஸ் கூர் அப்பிடியே தெரிஞ்சது, அண்ணை சொன்ன மாதிரியே.

மிச்சம் ரெண்டு விசயம் கிடக்கு. கெயினை இன்னும் கூட்டினால் 300 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட மெல்லிசா ஒரு புதுச் சத்தம் வருது. மற்றது, கிரிட்டிக்கலைத் தாண்டி 2000 சுற்றில ஓடேக்க அதிர்வு சின்னனாத்தான் இருக்கு, ஆனால் காந்தக் கரண்ட் விடாமல் சுற்றுக்கு ஒருதரம் ஏறி இறங்குது, கொயில் சுடுகுது. ஒரு ஆய்வுக் கட்டுரையில ஒவ்வொரு சுற்றும் தானாக் கற்றுக்கொண்டு சமநிலையின்மையை ரத்துச் செய்யிற முறை பற்றி வாசிச்சன். அதைப் போட்டுப் பாக்கலாமோ?

வற்றாப்பளையான்

300 உங்கள் மூன்றாவது வடிவம். தட்டு ஏறத்தாழ அசையாமல் நிற்க, இரண்டு பாதிகளும் தனித்தனியாக வளைகிற வடிவம். அங்கே 0.7 மில்லிசெக்கன் 75 பாகை, விளிம்பில் நிற்கிறீர்கள். செக்கனுக்கு 2000 தரம் கணக்குப் போடுவதை 8000 ஆக்குங்கள், அந்தப் போர்டுக்கு அது பெரிய வேலையில்லை.

மாங்குளம் பிற்றர்

கணக்குப் போடுற வேகத்தைக் கூட்டுறதோட சிலீவையும் பாரும் பிள்ளை. அது இரும்பெண்டு எழுதியிருந்தீர், முழு இரும்பாத்தான் இருக்கவேணும். காந்தப் புலம் கெதியா மாறேக்க முழு இரும்புக்க எடி கரண்ட் (சுழிச்சு ஓடுற கரண்ட்) சுத்தி, விசையைப் பிந்தப் பண்ணும். ட்ரைவரில கரண்ட் நேரத்துக்கு வந்தாலும் விசை நேரத்துக்கு வராது, அந்தப் பிந்தல் தம்பி போட்ட கணக்கிலயும் இல்லை. எரிஞ்ச யூபிஎஸ் ட்ரான்ஸ்போமர் ஒண்டு எடுத்து, அந்தத் தகடுகளை வளையமா வெட்டி அடுக்கி, வார்ணிஷோட அமத்தி ஏத்தும். தகட்டில இருக்கிற பூச்சைச் சுரண்டாதையும், அதுதான் ஒரு தகட்டில இருந்து மற்றத் தகட்டுக்குக் கரண்ட் தாண்ட விடாதது. லேத்தில கடைசியா மெல்லிசா ஒரு வெட்டு மட்டும், ஆழமா வெட்டினால் தகடுகள் விளிம்பில ஒண்டோட ஒண்டு பூசிப் போடும்.

கொயில் சுடுறது ஏனெண்டால், கிரிட்டிக்கலுக்கு மேல ஷாஃப்ட் தன்ர திணிவு மையத்தைச் சுத்த விரும்புது, உம்மட கொன்ட்ரோலர் அதைப் பிடிச்சு வடிவ மையத்தைச் சுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்குது. அந்தச் சண்டையை விடும். சுற்று வேகத்து மீடிறனை மட்டும் சென்சர் சிக்னலில இருந்து வெட்டி எடுக்கிற நொட்ச் ஒண்டு போட்டால் காந்தம் அதைக் காணாது, கரண்ட் விழும், கொயில் ஆறும். பெரிய காந்தப் பெயாரிங் மெசினுகளிலயும் இப்பிடித்தான் ஓட விடுறது. ஆனால் கிரிட்டிக்கலைக் கடந்த பிறகு மட்டும். 1270க்குக் கிட்ட நொட்ச்சைப் போட்டீரெண்டால், தணிப்புத் தேவைப்படுற அந்த மீடிறனிலயே கண்ணைக் கட்டினதாப் போகும். ஏறேக்க 1600 தாண்டின பிறகு போடும், இறங்கேக்க 1600க்கு முதல் எடுத்துவிடும்.

தானாக் கற்றுக்கொள்ளுற முறைக்கு முதல், தட்டைக் கையால பலன்ஸ் பண்ணும். காற்றாடிகளுக்குப் போடுற ஜி6.3 தரத்தில 1 கிலோவுக்கு 1500 சுற்றில 40 கிராம்-மில்லிமீற்றர் விடலாம், 50 மில்லிமீற்றர் ஆரையில 0.8 கிராம். அது விறைச்ச றோட்டருக்கான அளவு, வளையிற ஷாஃப்டுக்கு இன்னும் கீழ போகப் பாரும். தட்டில சுத்திவரத் துளை போட்டு நூல் வெட்டி வச்சால் சின்ன ஸ்குரூவால பாரம் ஏத்தலாம். அதுக்கும் முதல், 200 சுற்றில மெல்ல ஓட்டிச் சென்சர் காட்டுறதைப் பதிஞ்சு வையும். அந்த வேகத்தில உண்மையான அதிர்வு இல்லை, வாறதெல்லாம் ஷாஃப்டின்ர கோணலும் வட்டப் பிழையும்தான். அதைப் பிறகு எடுக்கிற எல்லா அளவிலயும் இருந்து கழிக்கவேணும், அவத்தையோட சேர்த்து.

அதெல்லாம் முடிஞ்சு கற்கிற முறையைப் போட்டால் ஒரு விசயத்தில கவனம். அது வேலை செய்யிறது "காந்தத்தில இவ்வளவு விசை குடுத்தால் சென்சரில இவ்வளவு, இந்த அவத்தையில" எண்ட ஒரு குணகத்தை வச்சு. கிரிட்டிக்கலுக்குக் கீழ எடுத்த குணகத்தை மேல பாவிச்சால் அவத்தை 180 பாகை புரண்டிருக்கும். திருத்தம் ஒவ்வொரு சுற்றும் பிழையைக் குறைக்கிறதுக்குப் பதிலா ஊட்டிக்கொண்டே போகும். 900, 1100, 1200, 1350, 1600, 2000 எண்டு ஒவ்வொரு வேகத்துக்கும் தனிய அளந்து ஒரு அட்டவணையாப் போடும். 1200க்கும் 1350க்கும் இடையில கற்கிறதை நிப்பாட்டி, டியை மட்டும் நம்பிக் கெதியாக் கடந்து போம்.

காப்பு வளையம் என்னத்தில? இரும்பெண்டால் மாத்தும். உலர்ந்த இரும்பில ஷாஃப்ட் முட்டினால் உரசல் அதைப் பின்பக்கமாச் சுத்த விட்டு, ஒரு செக்கனுக்குள்ள வளைச்சுப் போடும். பித்தளை போடும், இல்லாட்டி உள் விட்டம் ஒரு மில்லிமீற்றர் கூடின பந்துப் பெயாரிங் ஒண்டு, ஷாஃப்டைத் தொடாமல்.

பரந்தன் மில்காரன்

அலகைச் சுரண்டினம் அண்ணை. ஒரு அலகில மட்டும் அடை மாதிரி இருந்தது, உள்ளங்கையை நிரப்பிச்சு. ஆங்கிள் இன்னும் வெட்டேல்ல, வெட்டாமலே 33இல பாதிக்குக் குறைஞ்சிட்டுது. ரெண்டு அலகு முனையில தேஞ்சு கத்தி மாதிரிக் கிடக்கு. புது அலகு போட்டால் எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தவேணுமோ, ரெண்டு மட்டும் போதுமோ?

மாங்குளம் பிற்றர்

ரெண்டு போதும், ஆனால் நேரெதிர் அலகுகள் சோடியாப் போகவேணும். ஒவ்வொண்டையும் தராசில நிறுத்து, நிறை கிட்டினதுகளை நேரெதிரா வையும். கிராம் காட்டுற தராசு வேணும், நெல்லுத் தராசு சரிவராது.